வண்டி வந்து சேருமுன்

ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை முந்தைய ஆண்டின் கணக்கை வெளியிடுகிறது. எத்தனை இடங்களில் தீப்பிடித்தது, எதனால் பிடித்தது, ஆம்புலன்ஸ் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். இருபது வயதில் யாருக்கும் அதைப் படிக்கத் தோன்றாது. என் வயதுக்காரர்கள் படிப்போம். "பரவாயில்லை, நன்றாகத்தான் செய்கிறார்கள்" என்றோ "தீ கூடிவிட்டதே" என்றோ சொல்லிவிட்டு நாளிதழை மடித்து வைத்துவிடுவோம். பிள்ளைகளே, அந்தக் கணக்கை உங்களோடு உட்கார்ந்து ஒருமுறை படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதில் பாதிதான் அவர்களுடைய மதிப்பெண் அட்டை. மறுபாதி நம்முடையது.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் 1,954 தீச்சம்பவங்கள். முந்தைய ஆண்டில் 1,799. ஆம்புலன்ஸ் கேட்டு வந்த அழைப்புகள் 2,46,583. நாள் கணக்காகப் பார்த்தால், தீ ஐந்து ஆறு. ஆம்புலன்ஸ் அழைப்பு 675. தீயணைப்பு நிலையம் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் இடத்தில் இன்று பெரும்பகுதி வேலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரையும் குளியலறையில் வழுக்கி விழுந்தவரையும் தூக்கிச் செல்வதுதான். ஊர் மூப்படைந்துகொண்டிருக்கிறது. நானும் அந்த மூத்தவர்களில் ஒருவன் என்பதால் இந்த எண்ணை வேறு கண்ணால் பார்க்கிறேன். 675இல் ஒன்று ஒருநாள் என் வீட்டிலிருந்து போகும்.

இனி அவர்களுடைய பாதி. தீ என்று அழைப்பு வந்தால் எட்டு நிமிடங்களுக்குள் போய்ச் சேர வேண்டும், அதை நூற்றுக்குத் தொண்ணூறு முறையாவது செய்ய வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட அளவுகோல். ஆம்புலன்சுக்குப் பதினோரு நிமிடங்கள், நூற்றுக்கு எண்பது முறை. எட்டு நிமிடம் என்பது சாலையில் வேகமாக ஓட்டிச் சம்பாதிக்கும் நேரம் என்று நினைக்காதீர்கள். ஒரு குழு இருபத்து நான்கு மணி நேரம் பணியில் இருந்துவிட்டுக் காலையில் அடுத்த குழுவிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. வந்தவர்கள் முதலில் செய்வது சரிபார்ப்பு. மூச்சுக்கருவியின் உருளையில் காற்று நிறைந்திருக்கிறதா, முகமூடி ஒட்டி உட்காருகிறதா, குழாய்கள் அந்தந்த இடத்தில் இருக்கின்றனவா, ஏணி ஒழுங்காக நீள்கிறதா என்று ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். நேற்றுப் பார்த்தோமே என்று யாரும் விடுவதில்லை. மணி அடிக்கும்போது யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் நிமிடம் அங்கே, காலை வெயிலில், யாரும் பார்க்காத நேரத்தில் கிடைத்தது. "எப்போதும் கடைசி நேரத்தில்தான் எனக்கு வேலை ஓடும்" என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சரிபார்ப்பைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஊரின் அமைப்பும் அந்த எட்டு நிமிடத்துக்குள் இருக்கிறது. பெரிய நிலையங்களுக்கு இடையிடையே சிறிய தீயணைப்புச் சாவடிகளை வைத்திருக்கிறார்கள். பெரிய வண்டி நுழையத் தயங்கும் இடத்துக்குப் போக, 'சிவப்புக் காண்டாமிருகம்' என்று பிள்ளைகள் ஆசையாகச் சொல்லும் சிறிய வண்டி இருக்கிறது. மோட்டார்சைக்கிளில் போகும் தீயணைப்பாளர்களும் இருக்கிறார்கள். இவையெல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையன்று, புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்தது. அத்தாப்புக் கூரை, மரச்சுவர், வீட்டோடு வீடு ஒட்டி நின்ற சந்து. வண்டி உள்ளே போக வழியில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வேறு. நான்கு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 16,000 பேர் ஒரே மாலையில் வீடற்றவர்களானார்கள். இந்த ஊரின் அடுக்குமாடி வீடுகள் அத்தனை வேகமாக எழுந்ததற்கு அந்தத் தீ ஒரு பெரிய காரணம். இன்று உங்கள் புளோக்கின் அடிவரை அகலமான பாதை வருகிறதே, அதில் சைக்கிளையும் பழைய சோபாவையும் குறுக்கே போடாதீர்கள் என்று நகர மன்றம் சொல்கிறதே, அதன் அருமை சந்துகளில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இனி நம்முடைய பாதிக்கு வருகிறேன். சொல்ல வேண்டியது இங்கேதான் நிறைய இருக்கிறது.

எட்டு நிமிடம் நல்ல வேகம். உலகத்தில் எந்த ஊரோடு வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பாருங்கள், தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் தீக்கு எட்டு நிமிடம் என்றால் என்ன தெரியுமா? இன்றைய வீட்டு அறையில் நுரை மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, செயற்கை இழைத் திரை எல்லாம் நிறைந்திருக்கின்றன. அப்படிப்பட்ட அறையில் பிடித்த தீ, ஐந்து நிமிடத்துக்குள்ளேயே அறை முழுவதையும் ஒரே மூச்சில் பற்றவைத்துவிடும். பழைய காலத்து மரக்கட்டிலும் பருத்திப் பாயும் இருந்த அறைக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் இருந்தது. இதயம் நின்றுபோனவருக்கோ இன்னும் குறைவு. நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கிவிடும். நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வரை குறைகிறது என்கிறார்கள். அப்படியென்றால் பதினோராவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்று, படையின் கணக்கில் அது வெற்றி என்று பதிவாகலாம். அதே நேரத்தில் அந்த மனிதர் போயிருக்கலாம். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். யார்மேலும் குற்றம் இல்லை. நடுவில் இருந்த நிமிடங்கள் அவர்களுடையவை அல்ல, அவ்வளவுதான்.

அந்த நிமிடங்கள் யாருடையவை? அப்போது பக்கத்தில் நிற்பவருடையவை.

இதை இந்த ஊர் மெல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. 2011 வாக்கில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று விழுந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர் நெஞ்சை அழுத்தி உதவினார். பத்தாண்டுகளில் அது பத்தில் ஆறு பேர் அளவுக்கு உயர்ந்துவிட்டது. மற்ற நான்கு பேரில் சிலராவது சுற்றிலும் மனிதர்கள் நின்றிருக்கையில் விழுந்து கிடந்திருப்பார்களே என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. ஆனாலும் இது சின்ன மாற்றம் இல்லை. அவசர உதவிக்கான 995ஐ அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் வண்டியை அனுப்புவதோடு நிறுத்தாமல், "நெஞ்சின் நடுவில் கையை வையுங்கள், நான் எண்ணுகிறேன், அழுத்துங்கள்" என்று தொலைபேசியிலேயே வழிநடத்துகிறார். 2015இல் மைரெஸ்பாண்டர் செயலி வந்தது. அருகில் யாருக்காவது இதயம் நின்றால் உங்கள் கைத்தொலைபேசிக்குத் தகவல் வரும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில், இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் ஏஇடி கருவிகளை வைத்தார்கள். மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெட்டி இருக்கும். தினமும் அதன் முன்னால் நின்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒருநாள் திரும்பி அதையும் பாருங்கள்.

2025இல் நடந்த இரண்டு சம்பவங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல் 8ஆம் தேதி காலை ரிவர் வேலி சாலையில் மூன்று மாடிக் கடைவீடு ஒன்றில் தீ. உள்ளே வகுப்புக்கு வந்த குழந்தைகள். புகைக்குப் பயந்து மேல்மாடிச் சன்னல் விளிம்பில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அருகில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள், நம் இந்தியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள், தங்கள் வேலையிடத்திலிருந்த ஏணியையும் சாரத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுவரோரம் சாரத்தை நிறுத்தி ஏறினார்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக் குழந்தைகளை இறக்கினார்கள். படை வந்து மிச்சமிருந்தவர்களை மீட்டது. அன்று பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை நாம் இழந்தோம். அந்த ஊழியர்கள் ஓடாமல் நின்றிருந்தால் இழப்பு எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

அடுத்து ஜூலை 26. தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று தரை உள்வாங்கிக் கார் ஒன்று குழிக்குள் விழுந்தது. ஓட்டிவந்த பெண் கதவைத் திறந்து வெளியே வந்தார்; சுற்றிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வேலையிடத்தில் இருந்த ஏழு பேர் ஓடிவந்தார்கள். அவர்களை வழிநடத்திய மேற்பார்வையாளர் தமிழ்நாட்டுக்காரர், இந்த ஊரில் இருபதாண்டுக்கும் மேல் உழைத்தவர். அவர்கள் குழிக்குள் குதிக்கவில்லை. கயிற்றை வீசினார்கள். அந்தப் பெண் அதைப் பற்றிக்கொள்ள, எல்லாருமாக இழுத்து மேலே கொண்டுவந்தார்கள். படை வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஏழு பேரையும் அதிபர் தர்மன் இஸ்தானாவுக்கு அழைத்தார். ஊர் மக்கள் அவர்களுக்காகப் பணம் திரட்டினார்கள்.

எல்லாரும் அவர்களுடைய துணிச்சலைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் எனக்குத் துணிச்சலைவிட அவர்களுடைய கை கண்ணில் நிற்கிறது. சாரம் கட்டுபவருக்குச் சாரம் எந்த இடத்தில் ஊன்றினால் நிற்கும் என்று தெரியும். அதை யோசிக்க அவருக்கு நேரம் தேவைப்படவில்லை. குழி வெட்டும் இடத்தில் வேலை பார்த்தவருக்கு, சரிந்துகொண்டிருக்கும் மண்ணின் ஓரத்தில் எவ்வளவு தூரம் வரை நிற்கலாம் என்று காலுக்கே தெரியும். ரிவர் வேலியில் நின்று பார்த்த மற்றவர்களுக்கும் இரக்கம் இல்லாமல் போய்விடவில்லை. இவர்களிடம் இரக்கத்தோடு ஒரு தொழிலும் இருந்தது.

இது புதிதும் அல்ல. 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த ஹோட்டல் நியூ வோர்ல்ட் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. நம் பெருமாள் கோவிலிலிருந்து நடந்து போகும் தூரம். 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். பெரிய இயந்திரங்களால் மேலிருந்து அள்ளினால் அடியில் இருப்பவர்கள் நசுங்கிவிடுவார்கள். அப்போது எம்ஆர்டி ரயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் தாங்களே முன்வந்து, இடிபாட்டுக்கு அடியில் வழி குடைந்து போகலாம் என்றார்கள். மண்ணுக்கடியில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த வழிகளில் ஊர்ந்துபோய்த்தான் பலரை வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு விசாரணையில் தெரியவந்த காரணம் நெஞ்சைச் சுட்டது. 1971இல் முடிந்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்தபோது, கட்டடம் தன் சொந்த எடையைத் தானே தாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒருவர் காகிதத்தில் விட்ட கணக்கு பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து விழுந்தது. இன்னொருவர் எங்கோ கற்றுவைத்த தொழில் அதே நாளில் உயிரை மீட்டது. உங்களில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இந்தக் கட்டடத்தின் கதையைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஆகவே நான் உங்களிடம் வீரத்தைக் கேட்கவில்லை. கையில் ஒரு வேலையைக் கற்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். நெஞ்சை அழுத்தும் முறையை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். நெஞ்சின் நடுவில், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை. கேட்க எளிது. செய்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தோள் கெஞ்சும். அதனால்தான் பொம்மையில் பழக வேண்டும், நண்பர்களோடு போய்ப் பழக வேண்டும். ஒருவர் களைத்தால் அடுத்தவர் தொடரலாம். சமூக மன்றங்களில் வகுப்பு நடக்கிறது. தேர்வு முடிந்த விடுமுறையில் போய்வாருங்கள்.

தீயைப் பற்றியும் சிலவற்றைக் கை பழகியிருக்க வேண்டும். சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது; அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூட வேண்டும். அறையில் தீ மிஞ்சிவிட்டால் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். சாத்திய ஒரு கதவு, புகையை உள்ளேயே நிறுத்தி அடுத்த அறையில் இருப்பவருக்கு நேரம் வாங்கித் தரும். புகைக்குள் நடக்க நேர்ந்தால் குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து போங்கள். நல்ல காற்று தரைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பணப்பை, மடிக்கணினி, கடப்பிதழ் எதற்காகவும் திரும்பி உள்ளே போகக் கூடாது. நீங்கள் உள்ளே போனால் உங்களைத் தேடி இன்னொருவர் உள்ளே வர வேண்டியிருக்கும்.

அப்படி உள்ளே வருகிறவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி ஹெண்டர்சன் சாலையில் ஒரு வீட்டில் பிடித்த தீயை அணைக்கப் போன பத்தொன்பது வயது இளைஞர் திரும்பி வரவில்லை. முழுநேரத் தேசிய சேவையில் இருந்தவர். தீயணைக்கும் பணியில் படைக்கு நேர்ந்த முதல் உயிரிழப்பு அது. அந்த ஆண்டின் 1,799 தீச்சம்பவங்களில் அதுவும் ஒன்றாகத்தான் எண்ணப்பட்டிருக்கும். உங்கள் அண்ணன், உங்கள் வகுப்புத் தோழன், நாளை நீங்களே அந்தச் சீருடையில் இருக்கக்கூடும். அதனால்தான் தீ எண்ணிக்கை குறைந்தது என்ற செய்தி என்னை எந்தப் பாராட்டைவிடவும் மகிழ்வித்தது. 2018இல் 3,885 ஆக இருந்தது, 2022இல் பாதிக்கும் கீழே வந்தது. குப்பைக் குழாயிலும் தொட்டியிலும் பிடிக்கும் தீ குறைந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். யாரோ சிலர் சிகரெட்டை அணைத்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள். சூடான கரியை ஆறவைத்துவிட்டுக் கொட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் விருது கொடுக்கவில்லை.

ஆனால் வீடுகளுக்குள் பிடிக்கும் தீ அப்படிக் குறைந்துவிடவில்லை. 2022இல் 932, 2023இல் 970. அடுப்பில் வைத்துவிட்டு மறந்த சமையலும் மின்கோளாறும் முன்னணிக் காரணங்கள். தாளிக்க எண்ணெயை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கும் பழக்கம் அம்மாவிடமும் இருக்கிறது, உங்களிடமும் இருக்கிறது. பூஜை மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போவதும் நம் வீடுகளில் நடக்கிறது. சாமி கோபித்துக்கொள்ளாது, கிளம்பும்போது விளக்கை மலையேற்றிவிட்டுப் போகலாம். மின்ஸ்கூட்டரை இரவு முழுவதும் வாசற்கதவுக்குப் பக்கத்தில் மின்னேற்றப் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். அந்த மின்கலம் வெடித்தால் வெளியேறும் ஒரே வழி அடைபடும். உங்கள் வீட்டில் இதை மாற்றச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. சின்னப் பிள்ளை சொல்வதா என்று கேட்டால், தாத்தா சொல்லச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

995ஐ நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதும் நம்முடைய பாதியில்தான் வரும். பல்வலிக்கும் பல நாள் இருமலுக்கும் அழைத்தால் ஒரு வண்டி அங்கே போய் நிற்கும். அந்த நேரத்தில் பக்கத்துப் பேட்டையில் ஒருவருக்கு இதயம் நின்றால் தூரத்து வண்டிதான் வர வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து அவசரமில்லாத நோயாளிகளை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதைப் படை நிறுத்திக்கொண்டது. அவசரமில்லாத தேவைக்குத் தனியார் ஆம்புலன்ஸ் இருக்கிறது. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் வயதுக்காரர்கள் பலர் இதற்கு நேர்மாறு. நெஞ்சு அழுத்தும்போதும் "வாயுதான், பொழுது விடிந்ததும் பார்ப்போம், எதற்கு எல்லாருக்கும் தொந்தரவு" என்று படுத்துக்கொள்வார்கள். முகம் ஒருபக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க முடியாமல் போனாலும், பேச்சுக் குழறினாலும் அப்படித்தான். அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நீங்களே அழையுங்கள்.

அழைத்ததும் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். என்ன ஆயிற்று என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம். நடுவில் இணைப்பு அறுந்தாலும் வண்டி புறப்பட்டுவிடும். நம் ஊரில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு ஒரு புளோக்கையே காட்டிவிடும். அந்த ஆறு எண்ணும் வீட்டு எண்ணும் போதும். பகலில் தனியாக இருக்கும் பாட்டிக்கு இது தெரியுமா என்று இன்று இரவே கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒட்டியதோடு விடாமல், இரண்டு மூன்று முறை அவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எதிர்வீட்டு மலாய்ப் பாட்டியும் தனியாகத்தான் இருக்கிறார். அவர் கதவையும் தட்டுங்கள்.